மடியில் மறைந்த பாடநூல்: கார்ட்டர் உட்சனின் வாழ்க்கை

அனைவரையும் உட்படுத்தும் கல்வி, வினவிக் கற்றல் ஆகிய இரண்டும் இன்று கல்வியியல் பயிலும் மாணவர்களுக்குப் பழகிப்போன சொற்கள். சமூகக் கல்வியை எவ்வாறு கற்பிக்க வேண்டும் என்று பேசும் எந்தக் கருத்தரங்கிலும் இவை இடம்பெறாமல் போவதில்லை. நாட்டின் கதையில் எல்லா இனத்தாருக்கும் இடம் இருக்க வேண்டும். மாணவர் விடையை மனனம் செய்யாமல், சான்றுகளைத் தேடிப் பார்த்து முடிவுக்கு வர வேண்டும். கேட்பதற்கு எளியவையாகத் தோன்றும் இவ்விரு கருத்துகளுக்காக ஒருவர் தம் வாழ்நாள் முழுவதையும் கொடுத்தார். தம் ஆயுள் காப்புறுதிப் பத்திரத்தையும் ஈடு வைத்தார். அவர்தான் கார்ட்டர் காட்வின் உட்சன்.

ஆண்டுதோறும் பிப்ரவரியில் அமெரிக்காவில் கொண்டாடப்படும் கறுப்பின வரலாற்று மாதத்தின் தந்தை என்று அவரைப் பலரும் அறிவர். அந்தப் பெயர் அவருக்குப் பொருத்தமானதுதான். ஆயினும் அது அவரைச் சற்றுச் சுருக்கிக் காட்டுகிறது என்பது என் எண்ணம். அவர் முதலில் ஓர் ஆசிரியர். பிறகுதான் மற்ற எல்லாம்.

உட்சன் 1875ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்தின் நியூ கேன்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ், தாய் அன் எலிசா இருவரும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். உள்நாட்டுப் போரின்போது ஜேம்ஸ் தம் எசமானிடமிருந்து தப்பி வடக்குப் படையினருக்கு உதவியாக இருந்தவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால், எவரிடமும் தலை குனிந்து நின்று இழிவை ஏற்றுக் கொள்ளலாகாது என்பதைத் தம் பிள்ளைகளுக்கு அழுத்தமாகச் சொல்லி வளர்த்தார். குடும்பத்தில் வறுமை. ஊர்ப்பள்ளி ஆண்டுக்கு நான்கைந்து மாதங்களே நடந்தது. அங்கே பாடம் நடத்தியவர்கள் உட்சனின் தாய்மாமன்மார் இருவர். வயலில் வேலை இருந்தால் அந்தச் சில மாதங்களும் முழுமையாகக் கிடைப்பதில்லை. தந்தைக்குச் செய்தித்தாளைப் படித்துக் காட்டுவது சிறுவனின் வேலைகளுள் ஒன்றாக இருந்தது.

பதினேழாவது வயதை நெருங்கியபோது உட்சன் அண்ணன் ராபர்ட்டுடன் மேற்கு வர்ஜீனியாவுக்குப் போனார். முதலில் இரயில் பாதையில் கட்டை அடுக்கும் வேலை. பிறகு ஃபயெட் மாவட்டத்து நட்டல்பர்க்கில் நிலக்கரிச் சுரங்க வேலை. ஒரு வரலாற்றாசிரியர் அந்தச் சுரங்கத்தில்தான் உருவானார் என்பதை நாம் இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும்.

அங்கே ஆலிவர் ஜோன்ஸ் என்னும் சுரங்கத் தொழிலாளி இருந்தார். உள்நாட்டுப் போரில் பங்கெடுத்தவர், எழுத்தறிவு இல்லாதவர். வேலை முடிந்து வரும் கறுப்பினத் தொழிலாளர்கள் தங்கிப் பேசும் இடமாகத் தம் வீட்டையே அவர் ஆக்கியிருந்தார். பழமும் பனிக்கூழும் அங்கே விற்பனைக்குக் கிடைக்கும். படிக்கத் தெரியாத அந்த மனிதர் வீடு நிறைய நூல்களும் செய்தித்தாள்களும் வாங்கி வைத்திருந்தார். கறுப்பின எழுத்தாளர்கள் எழுதிய நூல்கள், போரில் களம் கண்ட கறுப்பினப் படைவீரர்களைப் பற்றிய நூல் முதலியன அவற்றுள் அடக்கம். உட்சனுக்குப் படிக்கத் தெரியும் என்று அறிந்ததும் ஜோன்ஸ் ஓர் ஏற்பாடு செய்தார். உட்சன் எல்லாருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும். அதற்குக் கூலியாகப் பழமும் பனிக்கூழும் வேண்டிய மட்டும் உண்ணலாம்.

மாலை நேரங்களில் அந்த வீட்டில் நாட்டின் பொருளாதாரமே விவாதத்துக்கு வந்தது. இறக்குமதி வரி ஏன் உயர்கிறது, நாணயத்துக்கு அடிப்படை பொன்னா வெள்ளியா, பெருநிறுவனங்கள் ஒன்றுசேர்ந்தால் தொழிலாளிக்கு என்ன நேரும் என்றெல்லாம் அவர்கள் பேசினார்கள். சில சொற்கள் புரியவில்லை என்றால் உட்சன் மேலும் படித்துவிட்டு வந்து விளக்க வேண்டியிருந்தது. இடையிடையே முதியவர்கள் தாங்கள் பார்த்த போரைப் பற்றிச் சொல்வார்கள். அச்சில் இருந்த வரலாற்றுக்கும் அந்த முதியவர்கள் சொன்ன வரலாற்றுக்கும் இடையே இருந்த பெரும் இடைவெளி அந்த இளைஞரின் மனத்தில் பதிந்தது. தமது ஆராய்ச்சி ஆர்வம் அந்த வீட்டில்தான் ஆழமாகியது என்று ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1944இல், அந்த முதியவர்களைப் பற்றி எழுதியபோது உட்சன் குறிப்பிட்டார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைப் பற்றி அவர் இவ்வளவு கனிவுடன் எங்கும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

1895ஆம் ஆண்டு, இருபது வயதை எட்டும் நிலையில், ஹன்டிங்டன் நகரின் டக்ளஸ் உயர்நிலைப்பள்ளியில் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகளுக்குள் படிப்பை முடித்தார். சுரங்கத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு வினோனா என்னும் ஊரில் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1900இல் தாம் படித்த டக்ளஸ் பள்ளிக்கே தலைமையாசிரியராக வந்தார். இடையிடையே கென்டக்கி மாநிலத்தின் பெரியா கல்லூரியில் பயின்று 1903இல் பட்டம் பெற்றார். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே வகுப்பில் அமர்ந்து படித்த கல்லூரி அது. அவர் பட்டம் பெற்ற மறு ஆண்டே, 1904இல், இரு இனத்தாரும் சேர்ந்து பயில்வதைத் தடை செய்து கென்டக்கி மாநிலம் சட்டம் இயற்றியது. 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டத்தைச் செல்லுபடியாக்கியது. உட்சன் நுழைந்து வெளியேறிய கதவு அவருக்குப் பின்னால் மூடப்பட்டது.

அதே 1903இல் அவர் நம் வட்டாரத்துக்கு வந்தார். ஸ்பெயினிடமிருந்து பிலிப்பீன்ஸ் தீவுகளைக் கைப்பற்றியிருந்த அமெரிக்கா அங்கே ஆங்கிலப் பள்ளிகளைத் திறந்து ஆசிரியர்களை அனுப்பிக் கொண்டிருந்தது. உட்சன் லூசோன் தீவில் சான் இசித்ரோ என்னும் ஊரில் பணியைத் தொடங்கி, பின்னர் பங்காசினான் மாநிலத்தில் பள்ளிகளின் மேற்பார்வையாளர் ஆனார். அஞ்சல்வழிக் கல்வி மூலம் ஸ்பானிய மொழியைக் கற்றுக்கொண்டார்.

அங்கே அவர் கண்ட ஒன்றைத் தம் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களில் கல்வியியல் கோட்பாடுகளைக் கற்றுத் தேறிய அமெரிக்க ஆசிரியர்கள் பலர் அந்தத் தீவுகளில் தோற்றுப்போனார்கள். அவர்கள் கொண்டு சென்ற பாடநூல்களில் ஆப்பிள் மரத்தை உலுக்கும் பாட்டு இருந்தது. ஆப்பிள் மரத்தைப் பார்த்திராத பிள்ளைகள் அதை வெறுமனே ஒப்பித்தார்கள். ஜார்ஜ் வாஷிங்டனைப் பற்றிய பாடமும் அப்படித்தான். அப்போது கல்வியியல் பயிற்சியே பெறாத ஒருவர் வகுப்புக்கு வந்தார். அவர் பிள்ளைகளைச் சுற்றியிருந்த பொருள்களையே வகுப்பறை நிறையக் கொண்டுவந்து குவித்தார். பாட்டில் ஆப்பிளை எடுத்துவிட்டு லொம்போய் மரத்தை வைத்தார். நாம் நாவல் என்று அழைக்கிறோமே, அதே மரந்தான். வாஷிங்டனுக்கு முன்பாக ஹொசே ரிசாலைப் பற்றிப் பேசினார். பிள்ளைகள் விழித்துக்கொண்டார்கள், அவர்களே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போவது என்ற பழைய விதியை, கோட்பாடு படித்தவர்கள் மறந்துவிட, படிக்காதவர் கண்டுபிடித்துவிட்டார்.

இதில் ஒரு முரணையும் நாம் காணாமல் விடக்கூடாது. உட்சன் அங்கே சென்றது ஓர் ஆட்சியாளரின் ஊழியராக. தம் நாட்டில் வாக்குரிமைக்குப் போராடிக் கொண்டிருந்த ஓர் இனத்தைச் சேர்ந்தவர், இன்னொரு நாட்டை ஆண்டவர்களின் பள்ளி அமைப்பில் அதிகாரியாக இருந்தார். அந்த முரண்தான் பாடநூல் என்பது யாருடைய கண்ணால் எழுதப்படுகிறது என்ற வினாவை அவருக்குள் கூர்மையாக்கியிருக்க வேண்டும்.

1907இல் பிலிப்பீன்ஸை விட்டுப் புறப்பட்டவர் ஆசியா, ஐரோப்பா எனச் சுற்றி, பாரிஸ் நகரின் சோர்போன் பல்கலைக்கழகத்திலும் சிறிது காலம் பயின்று நாடு திரும்பினார். 1908இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இளங்கலையும் முதுகலையும் பெற்றார். 1912இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அவருக்கு வரலாற்றுத் துறையில் முனைவர் பட்டம் வழங்கியது. 1895இல் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் பெற்றதற்குப் பிறகு ஹார்வர்டில் அப்பட்டத்தைப் பெற்ற இரண்டாவது கறுப்பினத்தவர் அவரே. அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்து வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர் வேறு எவரும் இல்லை. கறுப்பினத்தவருக்கு வரலாறு என்று ஒன்று கிடையாது என அங்கிருந்த பேராசிரியர் ஒருவர் அவரிடம் கூறியதாகச் சொல்லப்படுகிறது. உட்சன் அதற்கு அங்கேயே மறுமொழி சொல்லவில்லை. அடுத்த முப்பத்தெட்டு ஆண்டுகள் சொல்லிக் கொண்டே இருந்தார்.

பட்டத்துக்கான ஆய்வை அவர் பெரும்பாலும் வாஷிங்டன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்து கொண்டே முடித்தார். பகலில் மாணவர்களுக்குப் பிரெஞ்சு, ஸ்பானிய மொழி, ஆங்கிலம், வரலாறு. மற்ற நேரமெல்லாம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம். 1915ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் சிகாகோவில் நண்பர்கள் சிலருடன் கூடி நீக்ரோ வாழ்வு, வரலாறு ஆகியவற்றை ஆராய்வதற்கான சங்கத்தைத் தோற்றுவித்தார். (நீக்ரோ என்னும் சொல் அக்காலத்தில் மரியாதையாகவே வழங்கியது. இன்று வழக்கொழிந்துவிட்டது. அச்சங்கத்தின் பெயரிலும் பின்னர் அது மாற்றப்பட்டது. நூல், இதழ்ப் பெயர்களுக்காக மட்டும் இங்கே அச்சொல் வருகிறது.) கறுப்பினத்தவரை அரக்கர்களாகச் சித்திரித்த திரைப்படம் ஒன்று நாடெங்கும் அரங்கு நிறைந்து ஓடிக் கொண்டிருந்த ஆண்டு அது.

1916 சனவரியில் சங்கத்தின் ஆய்விதழ் வெளிவந்தது. முதல் இதழை அச்சிடத் தேவைப்பட்ட 400 டாலரைத் தம் ஆயுள் காப்புறுதிப் பத்திரத்தின் பேரில் உட்சன் கடனாகப் பெற்றார். செயற்குழுவின் ஒப்புதலுக்குக்கூட அவர் காத்திருக்கவில்லை.

அதே 1916இல் அமெரிக்கப் பள்ளிக் கல்வியில் மற்றொரு நிகழ்வும் நடந்தது. தேசியக் கல்விச் சங்கத்தின் குழு ஒன்று இடைநிலைப்பள்ளிகளுக்கான அறிக்கையை வெளியிட்டது. வரலாறு, குடிமையியல், பொருளியல் முதலியவற்றை ஒன்றிணைத்துச் சமூகக் கல்வி என்னும் பெயரில் பள்ளிகளில் நிலைபெறச் செய்தது அவ்வறிக்கைதான். அக்குழுவின் தலைவர் தாமஸ் ஜெசி ஜோன்ஸ். வேல்ஸ் நாட்டில் பிறந்த வெள்ளையரான இவர், அதற்கு முன் வர்ஜீனியாவின் ஹாம்டன் கல்வி நிலையத்தில் கறுப்பின, செவ்விந்திய மாணவர்களுக்காகச் சமூகக் கல்விப் பாடத்திட்டத்தை வகுத்தவர். அங்கே அப்பாடத்தின் நோக்கம் மாணவர்களை இருக்கும் சமுதாய அமைப்புக்கு ஏற்பப் பழக்குவது. அந்த அமைப்பையே கேள்விக்கு உட்படுத்துவது அன்று. 1917இல் அவர் வெளியிட்ட இரண்டு தொகுதி அறிக்கை, கறுப்பினத்தவருக்கு உயர்கல்வியைவிடக் கைத்தொழிலும் வேளாண்மையுமே ஏற்றவை என்ற போக்கில் அமைந்திருந்தது. அறநிதியங்கள் அவர் சொல்லைக் கேட்டன.

உட்சன் இவரைக் கடுமையாக எதிர்த்தார். ஆகவே, நாம் இன்று பயிலும் சமூகக் கல்வி என்னும் பாடத்தின் பிறப்பிலேயே இரண்டு எதிர்த்திசைகள் இருந்தன எனலாம். ஒன்று பிள்ளையைச் சமுதாயத்துக்கு ஏற்ப அடக்கமாகப் பொருந்தச் செய்வது. மற்றொன்று அச்சமுதாயம் எப்படி இவ்வாறு ஆயிற்று என்று பிள்ளையைக் கேட்க வைப்பது. கல்வியியல் நூல்கள் முதலாவதன் பெயரை மட்டுமே நெடுங்காலம் குறிப்பிட்டு வந்தன.

1919ஆம் ஆண்டுக் கோடையில் வாஷிங்டன் நகரில் இனக்கலவரம் மூண்டது. தெருவில் நடந்து வந்துகொண்டிருந்த உட்சன் ஒரு கடைவாயிலில் ஒளிந்து உயிர் தப்பினார். வெறிகொண்ட கூட்டம் ஒரு கறுப்பினத்தவரைச் சுட்டுக் கொன்றதை அங்கிருந்தே கண்டார். வரலாற்றைத் திருத்தி எழுதுவது அவருக்கு வெறும் அறிவுலகச் சண்டையாக இல்லாமற்போனதற்கு இத்தகைய அனுபவங்களும் காரணம். ஓர் இனத்துக்குக் கடந்த காலமே இல்லை என்று பள்ளியில் படித்தவன் அந்த இனத்தானைத் தெருவில் கொல்லத் தயங்கமாட்டான் என்பது அவர் கொண்ட முடிவு.

அந்த ஆண்டே ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் புலத் தலைவராகப் பொறுப்பேற்றார். பல்கலைக்கழகத் தலைவருடன் மோதல் ஏற்பட்டு ஓராண்டிலேயே வெளியேறினார். மேற்கு வர்ஜீனியாவில் ஒரு கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் பணி. 1922க்குப் பிறகு எந்த நிறுவனத்திலும் வேலை பார்க்கவில்லை. வாஷிங்டன் ஒன்பதாம் தெருவில் 1538ஆம் எண் வீட்டை வாங்கினார். கீழே நூல்கள், அலுவலகம். மேல்மாடியில் அவர் வசிப்பிடம். திருமணம் செய்து கொள்ளவில்லை.

வெள்ளையர் நடத்திய பதிப்பகங்கள் இத்தகைய நூல்களை விரும்பாத நிலையில் 1921இல் தாமே ஒரு பதிப்பகம் தொடங்கியிருந்தார். 1922இல் 'நம் வரலாற்றில் நீக்ரோ' என்னும் பாடநூல் வெளிவந்தது. பின்னர்த் தொடக்கப்பள்ளிக்கு ஒன்று, உயர்நிலைப்பள்ளிக்கு ஒன்று, ஆப்பிரிக்கப் பழங்கதைகள் என வயதுக்கேற்ற நூல்களும் வந்தன.

அவருடைய ஆராய்ச்சி முறையைக் காட்ட ஒரு நூலை மட்டும் இங்கே விரிவாகப் பார்க்கலாம். 1924இல் அவர் வெளியிட்ட அந்நூல், 1830ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்த சுதந்திரக் கறுப்பினத்தவரின் பெயர்ப் பட்டியல். ஆம், கறுப்பினத்தவரே அடிமைகளை வைத்திருந்தார்கள். தம் இனத்தின் பெருமையை மட்டும் பேச வந்தவராக இருந்திருந்தால் இந்தப் பட்டியலை அவர் மூடி மறைத்திருப்பார். உட்சன் பெயர் பெயராக அச்சிட்டார். அச்சிட்டுவிட்டு, இதற்குப் பொருள் என்ன என்று வினவினார். பல குடும்பங்களில் ஒரே ஓர் அடிமை இருப்பதேன்? வர்ஜீனியாவின் 1806ஆம் ஆண்டுச் சட்டப்படி விடுதலை பெற்ற அடிமை பன்னிரண்டு மாதங்களுக்குள் மாநிலத்தை விட்டு வெளியேற வேண்டும். சுதந்திரம் பெற்ற கணவன் தன் மனைவியை விலைக்கு வாங்கிவிட்டு, முறைப்படி விடுதலை செய்தால் அவளை இழந்துவிடுவான். எனவே ஏட்டில் அவள் அவனுடைய அடிமையாகவே இருந்தாள். ஆனால், எல்லாருமே அப்படிப்பட்டவர்கள் அல்லர். இலாபத்துக்காக அடிமைகளை வைத்திருந்த கறுப்பினப் பண்ணையாரும் அப்பட்டியலில் உண்டு என்பதையும் உட்சன் மறைக்கவில்லை. கணக்கெடுப்பின் ஒரு வரியை மாணவனிடம் கொடுத்து, இவன் யார், ஏன் இப்படி எழுதப்பட்டுள்ளது, இதை உறுதி செய்ய வேறெந்த ஏட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் அதுவே ஒரு மாதத்துக்குப் போதுமான பாடமாகும்.

1926 பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் முதன்முறையாக நீக்ரோ வரலாற்று வாரம் நடத்தப்பட்டது. ஆபிரகாம் லிங்கன் பிறந்த நாள் 12ஆம் தேதி; பிரடெரிக் டக்ளஸ் பிறந்த நாளாகக் கொண்டாடப்பட்டது 14ஆம் தேதி. மக்கள் ஏற்கெனவே கொண்டாடி வந்த நாள்களையே உட்சன் தேர்ந்தெடுத்தார். மூன்று மாநிலங்களின் கல்வித் துறைகளும் வாஷிங்டன், பால்டிமோர் நகரங்களின் பள்ளி நிர்வாகங்களும் முதலாண்டே ஒத்துழைத்தன. பள்ளிகளுக்குப் படங்கள், நாடகங்கள், பாடக் குறிப்புகள் அனுப்பப்பட்டன. ஊரிலுள்ள முதியவர்களைக் கண்டு பேசவும், வீட்டுப் பரணில் கிடக்கும் கடிதம், விற்பனைச் சீட்டு, புகைப்படம் ஆகியவற்றைக் காப்பாற்றவும் சங்கம் வேண்டிக் கொண்டது. இவ்வாறும் தம் தேடலாலும் சேர்த்த ஏறத்தாழ 5,000 ஆவணங்களை உட்சன் நாடாளுமன்ற நூலகத்துக்கு அளித்தார்.

ஆனால், அந்த வாரம் அவர் நினைத்தபடியே எல்லா இடங்களிலும் நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல பள்ளிகளில் அது பெருமக்களின் பெயர்களை ஒப்பிக்கும் விழாவாகவே முடிந்தது. பணம் பார்க்கும் பேச்சாளர்களும் புகுந்தார்கள். உட்சன் அவர்களை வெளிப்படையாகக் கண்டித்தார். அவரது விருப்பம் ஆண்டு முழுவதும் எல்லாப் பாடத்திலும் இவ்வரலாறு கலந்திருக்க வேண்டும், தனி வாரமே தேவையற்றுப்போக வேண்டும் என்பதாகும். அவருடைய பாடநூல்களிலும் குறையுண்டு. செய்திகளை நெருக்கி அடுக்கும் பழக்கம் அவரை விடவில்லை. வினவிக் கற்கச் சொன்னவரின் நூல்களே சில பக்கங்களில் மனனம் செய்யத்தக்க பெயர்ப் பட்டியலாக மாறிவிடுகின்றன.

இந்நூல்களை வகுப்புக்குக் கொண்டு சென்றவர்கள் தெற்கு மாநிலங்களின் கறுப்பின ஆசிரியர்கள். அவர்களுக்கு ஊதியம் கொடுத்ததும் வேலையை விட்டு நீக்க வல்லதும் வெள்ளையர் நிறைந்த கல்வி வாரியங்கள். 1925இல் ஒக்லஹோமாவின் மஸ்கோகி நகரில், கறுப்பின உயர்நிலைப்பள்ளி ஒன்றில் உட்சனின் பாடநூல் பயன்படுத்தப்படுவதை வாரியம் கண்டுபிடித்தது. நூல் தடை செய்யப்பட்டது. தலைமையாசிரியர் பதவி விலக நேரிட்டது.

லூசியானா மாநிலத்தில் 1933ஆம் ஆண்டு நடந்தது இன்னும் நுட்பமானது. ஓர் இளம் ஆசிரியை தம் மேசையின் மேல் மாநிலம் வகுத்த பாடக் குறிப்பை விரித்து வைத்திருப்பார். மடியில் உட்சனின் நூல் திறந்திருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து மெல்லிய குரலில் வாசிப்பார். தலைமையாசிரியர் வாசலில் தென்பட்டால் பார்வையை நிமிர்த்தி மேசை மேல் உள்ள பாடத்தைத் தொடர்வார். அந்த வகுப்பில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர் பல ஆண்டுகளுக்குப் பின்னர் இதை நினைவுகூர்ந்தார். கல்வி வரலாற்றாய்வாளர் ஜார்விஸ் கிவென்ஸ் 2021இல் வெளியிட்ட நூலில் இது இடம்பெற்றுள்ளது. பிள்ளைகளுக்கு அன்று இரண்டு பாடங்கள் கிடைத்தன என்று நினைக்கிறேன். நூலில் இருந்தது ஒன்று. அதை ஏன் மறைத்து வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது என்று அவர்களே யோசித்துக் கொண்டது மற்றொன்று.

அதே 1933இல் உட்சனின் புகழ்பெற்ற நூலான 'நீக்ரோவின் பிழையான கல்வி' வெளிவந்தது. பெரும்பாலும் அவருடைய சொற்பொழிவுகளையும் செய்தித்தாள் கட்டுரைகளையும் கொண்டு உருவான நூல் அது. சட்டமோ காவலரோ கட்டாயப்படுத்தாமலே தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் மனத்தைப் பள்ளிக்கூடமே உண்டாக்கிவிடுகிறது என்பது அதன் அடிப்படை வாதம். அவர் சாடியது வெள்ளையரை மட்டுமல்லர். தம் இனத்தில் படித்துப் பட்டம் பெற்றவர்கள் தம் மக்களிடமிருந்தே விலகிப் போவதை அவர் இன்னும் கடுமையாகச் சாடினார். பிலிப்பீன்ஸ் நாவல் மரம் வருவதும் இந்நூலில்தான்; முப்பது ஆண்டுகளாக அதை மனத்தில் சுமந்திருக்கிறார்.

இதற்குள் பெரும் அறநிதியங்கள் கைவிட்டிருந்தன. சங்கத்தை ஏதாவது ஒரு கல்லூரியுடன் இணைத்தால்தான் பணம் என்றார்கள், உட்சன் மறுத்தார். 1930ஆம் ஆண்டுக் கோடையில் அவருடைய உதவியாளர் லொரன்சோ கிரீனும் ஹாவர்ட் மாணவர் சிலரும் ஒரு பழைய ஃபோர்டு காரில் நூல்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக விற்கச் சென்றார்கள். உலகப் பொருளாதாரம் சரிந்து கிடந்த நேரம். தேவாலயங்களிலும் ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலும் சில்லறையாகச் சேர்ந்த பணமே சங்கத்தைத் தாங்கியது. அப்பணத்தில் பெரும்பகுதி பள்ளி ஆசிரியர்களுடையது. அவர்களுக்காகவே 1937 அக்டோபரில், ஆய்விதழைவிட எளிய நடையில், படங்களுடன் ஒரு மாத இதழ் தொடங்கப்பட்டது. பள்ளி நடக்கும் மாதங்களில் மட்டும் வெளிவந்த அவ்விதழுக்கு ஊக்கம் கொடுத்தவர் அப்போது சங்கத்தின் தலைவராக இருந்த மேரி மெக்லியோட் பெத்யூன் அம்மையார். தாமே ஒரு பள்ளியைத் தொடங்கி நடத்தியவர் அவர்.

உட்சனுடன் பணியாற்றுவது எளிதன்று என்று அவருடன் இருந்தவர்கள் பதிவு செய்துள்ளனர். முன்கோபம் உண்டு. பிறர் கருத்துக்கு எளிதில் இடம் கொடுக்கமாட்டார். தாம் உழைக்கும் அளவுக்குப் பிறரும் உழைக்க வேண்டுமென எதிர்பார்த்தார். சிறு வயதில் சுரங்கத்தில் பாறை தலையில் விழப் பார்த்தவருக்குப் பிறருடைய களைப்பு பெரிதாகத் தெரியவில்லை போலும். தனிமனித உறுதியால் சங்கம் நிலைத்தது. அந்த உறுதியாலேயே நல்ல நண்பர்கள் சிலர் விலகினர்.

இறுதி ஆண்டுகளில் ஆறு தொகுதிகளாக ஆப்பிரிக்கக் கலைக்களஞ்சியம் ஒன்றை உருவாக்கும் முயற்சியில் மூழ்கியிருந்தார். அது நிறைவேறவில்லை. 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், ஒன்பதாம் தெரு வீட்டின் மேல்மாடியில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 74. பள்ளிகளில் இனப்பிரிவினை சட்டத்துக்குப் புறம்பானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. அவர் தொடங்கிய வாரம் 1976இல் அமெரிக்க அதிபரின் ஏற்புடன் மாதமாக விரிந்தது. ஆசிரியர்களுக்காக 1937இல் தொடங்கிய இதழைச் சங்கம் பெயர் மாற்றி இன்றும் நடத்தி வருகிறது. அதில் பாடக் குறிப்புகள் இப்போதும் வெளிவருகின்றன.